மாதையன் பேர் பச்சையில் இருந்தது

ஏனுங்க, பஸ்ல ஏறினதுலருந்து போன்ல யாருக்கு அவ்வளவு கரிசனமாப் பூப் படம் அனுப்பறீங்க? ரோஜாப்பூ, மேல சூரியன், கீழ "இனிய காலை வணக்கம்". அனுப்புங்க, வேண்டாங்கல. ஆனா எங்க கம்பெனி மிஷினு கண்ணுல இது பட்டுச்சுன்னா, நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு மார்க்குப் போட்டு, சந்தோசத்துல மொத ஆளுன்னு உங்க பேரைப் பச்சையில எழுதிப்புடும். அப்புறம் நீங்க நடு ரோட்டுல ஒக்காந்து அழுதாக்கூட ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். நான் சங்ககிரியில ஒரு லாரி கம்பெனிக்கு மேனேஜருங்க. பேரு அர்த்தநாரி. செவ்வந்தி ரோடுவேஸுன்னா எங்க பக்கம் தெரியும். முப்பத்தியெட்டு வண்டி. இருபத்தெட்டு வருசமா டிரைவருங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சாவி வாங்கற கையைப் பாத்தே சொல்லிருவேன், எவன் குடிச்சிருக்கான், எவன் பொண்டாட்டிகிட்டச் சண்டை போட்டுட்டு வந்திருக்கான்னு. எனக்கு மிஷினு வேணுமுங்களா? ஆனா மொதலாளி பையன் தருண் தம்பிக்கு வேணும். வெளிநாட்டுல படிச்சிட்டு வந்தவரு. படிச்சதை எங்கயாவது எறக்கி வெக்கணுமில்லீங்களா, எங்க தலையில எறக்கி வெச்சாரு.

போன ஐப்பசியில, தீவாளி முடிஞ்ச வாரம். "அங்கிள், டிரைவர் மனசு சரியில்லைன்னா ஆக்சிடென்ட் ஆகும். அவங்க பேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல போடறதை எல்லாம் இது படிச்சு, யாருக்கு மனச்சோர்வுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லிடும்"னாரு. பேரு மனமலர். திங்கக்கெழமையானா லிஸ்ட் வரும். செவப்புல பேர் வந்தா அவனுக்குத் தூரத்து லோடு கெடையாது. பெங்களூர்லருந்து ஒரு அம்மா வீடியோவுல வந்து பேசும். அந்தம்மா சரின்னாத்தான் சாவி. பச்சையில வந்தா ஒண்ணுமில்லை, போயிட்டே இருக்கலாம். மாசத்துக்கு ஒருத்தருக்குப் பரிசு வேற. "புன்னகை ஓட்டுநர்"னு பேரு.

எனக்குச் சிரிப்பு தாங்கலை. மனச்சோர்வாமா! அதுக்கெல்லாம் மொதல்ல நேரம் வேணுமுங்க. அம்பது வயசு ஆம்பளை, ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தவன், அவனுக்கு எங்கிருந்து வரும் மனச்சோர்வு? அது இங்கிலீஷ் படிச்ச புள்ளைங்களுக்கு வர்றது. அப்படித்தான் நான் சொன்னேன். மிஷினும் அதையேதான் சொல்லுச்சு. ஆனா மிஷினு சொன்னா மட்டும் தப்புன்னு இப்பப் பேசறாங்க.

மொத வாரமே லிஸ்டைப் பாத்தீங்கன்னா சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போயிருக்கும். மொதப் பேரு சபரிநாதன். இருபத்திநாலு வயசு டிரைவரு, ஓமலூர்க்காரன், எருமை மாட்டையே சிரிக்க வெச்சிருவான். அவன் என்ன எழுதியிருந்தான்? எதோ வேடிக்கைப் படத்தைப் போட்டு "சிரிச்சே செத்தேன்டா சாமி". அப்புறம் அவன் கட்டிக்கப் போற பொண்ணு படத்தைப் போட்டு "கொல்றாளே". மிஷினு சாவைப் பாத்துச்சு, கொலையைப் பாத்துச்சு, செவப்புல போட்டுருச்சு. வீடியோவுல அந்தம்மா புஸ்தகத் தமிழ்ல கேக்குது: "தங்களுக்கு வாழ்க்கையில் பிடிப்பு இல்லையென்று எப்போது முதல் தோன்றுகிறது?" இவன் சொல்றான்: "ஒம்போதரைக்கு நீங்க கூப்புட்டதுலருந்துங்க மேடம்." அதுக்கு இன்னும் ஒரு வாரம் லோடு இல்லைன்னு எழுதிருச்சு.

ரெண்டாவது பேரு ஹேமப்பிரியா. எங்க ஆபீஸ்ல பில் போடற பொண்ணு; டிரைவருங்களோட ஆபீஸ் ஆளுங்களையும் மிஷினுல சேர்த்திருந்தாங்க. எடப்பாடிப் பக்கம். இருபத்திமூணு வயசு, பி.காம். மழை பேஞ்சா மழையைப் படம் புடிச்சு, இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதும். "தனியா நனையறேன்"ங்கற மாதிரி எதோ. வாராவாரம் செவப்பு. மூணு தடவை அந்தம்மாகிட்ட ஒக்கார வெச்சோம். மூணாவது தடவை வெளிய வந்து என்கிட்டச் சொல்லுச்சு: "சார், இதுக்கு என் ஒருத்தியோட எழுத்துத்தான் புரியுது. புரியற ஒரே ஆளைப் புடிச்சுக்கிட்டு அழுவாச்சின்னு சொல்லுது." நான் சொன்னேன், "அம்மிணி, நெருப்பில்லாமப் புகையுமா? நீ கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இரு." நல்லதுக்குத்தானுங்களே சொன்னேன்.

அந்தப் பொண்ணே மனமலர்க் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுக் கேட்டுச்சு. அவன் சொன்னானாம், இது அமெரிக்காவுல காலேஜ் புள்ளைங்க எழுதினதைப் படிச்சுப் படிச்சுத் தேர்ந்த மிஷினு, தமிழை அதுவாவே இங்கிலீஷாக்கிப் புரிஞ்சுக்கும்னு. பேஷ். அமெரிக்காக் காலேஜ் புள்ளை எப்படி வருத்தப்படும்னு தெரிஞ்சுக்கிட்டு, மேச்சேரி டிரைவர் வருத்தப்படறானான்னு பாக்கறது.

மேச்சேரின்னதும் மாதையன். அவனைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மாதையன் எங்க சீனியர் டிரைவருங்க. வயசு ஐம்பத்தொண்ணு. இருபது வருசத்துல வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்லை. அதிகம் பேச மாட்டான். கேட்டதுக்கு "ஆமாங்க", கேக்காததுக்கு ஒண்ணுமில்லை. போன ஆடியில அவன் சம்சாரம் காவேரி தவறிப்போச்சு. மஞ்சக்காமாலை முத்திருச்சு. அவன் குவாஹாத்தியில லோடு எறக்கிக்கிட்டிருந்தான். வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நானும் மாலை வாங்கிட்டுப் போயிருந்தேன். அவன் அழலை. சொந்தபந்தம், ஒறம்பரைங்க எல்லாம் அழுதாங்க, அவன் நின்னு எல்லாத்துக்கும் சேர் எடுத்துப் போட்டான். நான் பக்கத்துல இருந்தவர்கிட்டச் சொன்னேன், "ஆம்பளைன்னா இவன் ஆம்பளை."

பதினாறாம் நாள் முடிஞ்சு ஆபீசுக்கு வந்தான். "மேனேஜருங்க, கொஞ்ச நாளைக்குப் பக்கத்து லோடா குடுங்க. வண்டியில ஒக்காந்தா கை ஓடமாட்டேங்குது"ன்னான். நான் விடுவனா? வீட்டுல ஒக்காந்தா மனசு கெட்டுப்போயிருமில்லைங்களா. "ஓட்ட ஓட்டச் சரியாப் போயிரும் மாதையா"ன்னு தட்டிக் குடுத்து, குவாஹாத்திக்கே திரும்பத் தாட்டி விட்டேன். போயிட்டு வந்தான். அதுக்கப்புறம் லீவே கேக்கலை. வந்த கையோட அடுத்த லோடு, அடுத்த லோடு. மத்த டிரைவருங்களைக் கூப்புட்டுக் காட்டுவேன், "பாருங்கடா, வேலைன்னா இப்படி."

மனமலர் வந்ததும் மாதையனையும் சேர்த்தாங்க. அவன் பொண்ணு போன்ல கத்துக்குடுத்திருக்கும் போல, தெனமும் வெடியக்காலையில ஒரு பூப் படம். ரோஜா, தாமரை, செம்பருத்தி. "இன்றைய நாள் இனிதாகட்டும்". ஒரு நாள் தவறாது. மிஷினுக்கு அப்படியொரு குஷி. தொண்ணூத்தியொண்ணு, தொண்ணூத்திரெண்டு, தொண்ணூத்திநாலு. கார்த்திகை மாசப் புன்னகை ஓட்டுநர், மாதையன். சுவர்க் கடிகாரம் குடுத்தோம். மார்கழியும் மாதையன், பிளாஸ்க்கு. தை மாசமும் அவனேதான். தருண் தம்பி கையாலயே அஞ்சு லிட்டர் குக்கர் குடுத்தாரு.

அந்தப் படம் இன்னும் ஆபீஸ்ல மாட்டியிருக்கு. குக்கரை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நிக்கறான். "சிரி மாதையா"ன்னேன், சிரிச்சான். அந்தப் படத்தைப் போட்டதுக்கே மிஷினு ரெண்டு மார்க்கு சேத்துப் போட்டுச்சுங்க. பொண்டாட்டி செத்து ஆறு மாசம், வீட்டுல ஒத்தை ஆளு, அஞ்சு லிட்டர் குக்கர்ல யாருக்குச் சோறு வடிப்பான்னு மிஷினுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியும்தான். ஆனா பரிசுன்னு வந்தா வாங்கிக்கணுமில்லீங்களா.

இன்னொண்ணு கேளுங்க, இதுதான் உச்சம். தை மாசக் கடைசியில ஒரு நாள், பூப் படம் இல்லாம, நாக்பூர்ப் பக்கம் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, கேபினுக்குள்ள காலி சீட்டைப் படம் புடிச்சுப் போட்டிருந்தான். கீழ ஒரே ஒரு வரி, "வெசனமாவே இருக்குது". வெசனம்னா தெரியுமில்லைங்க? உங்க ஊர்ல சொல்ல மாட்டீங்களா? எங்க பக்கம் துக்கத்துக்கு, மனசு கெடந்து அடிச்சிக்கறதுக்கு வெசனம்பாங்க. மிஷினு அதை எப்படிப் படிச்சுது தெரியுங்களா? விஷன்! இங்கிலீஷ் விஷன்! "தொலைநோக்கு உடையவர். எதிர்காலத் திட்டங்களில் ஆர்வம் உள்ளவர்." தொண்ணூத்தாறு மார்க்கு!

ஹேமப்பிரியா எங்கிட்டக் காட்டுனப்ப நான் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சேன். அது சிரிக்கலை. "சார், அண்ணன் வெசனம்னு எழுதியிருக்காரே"ன்னுச்சு. "அட, வெயில்ல வண்டி ஓட்டறவன் எதோ எழுதுவான், போம்மா"ன்னேன்.

நான் அதை மொதல்லயே பாத்துட்டேங்க. அவன் போட்ட அன்னிக்கே. பாத்துட்டுக் கட்டை விரல் படம் போட்டேன். என்னத்தைப் போடறதுங்க? எல்லாருக்கும் அதைத்தான் போடறேன்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அங்கிருந்தே போன் பண்ணினான். "ஐயா, சோறு எறங்க மாட்டேங்குதுங்க"ன்னான். "வடநாட்டுச் சாப்பாடு அப்படித்தான் மாதையா, அடுத்த தடவை பூண்டு ஊறுகாய் எடுத்துட்டுப் போ"ன்னேன். "சரிங்க"ன்னு வெச்சிட்டான். இதுல நான் சொன்னதுல என்னங்க தப்பு?

திரும்பி வந்தவன் தன்னோட போர்வை, ரேடியோப் பொட்டி, அந்தச் சுவர்க் கடிகாரம், பிளாஸ்க்கு எல்லாத்தையும் சபரிநாதனுக்குக் குடுத்துட்டான். "எனக்கெதுக்குடா இனி, நீ பொழைக்கறவன்"ன்னானாம். என்ன தாராள மனசுன்னு நான் டீக்கடையில நாலு பேர்கிட்டச் சொன்னேன். இந்தக் காலத்துல எவன் குடுப்பான்?

மாசி பொறந்த மூணாம் நாள். காலையில பத்து மணி இருக்கும். விஜயவாடாவுக்குச் சிமெண்ட் லோடு. வண்டி வாசல்ல ரெடி. மாதையன் பில்லு வாங்க ஹேமப்பிரியா மேசைக்குப் போனான். கையில குக்கரு. அட்டைப் பொட்டிகூடப் பிரிக்கலை. "அம்மிணி, உனக்குக் கல்யாணமானா ஒதவும், வெச்சுக்க"ன்னான்.

அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரை விட்டு எந்திரிச்சுச்சு. அவனைச் சேர்ல ஒக்கார வெச்சுச்சு. பெங்களூர் அம்மா மூணு தடவை இந்தப் பொண்ணைப் போட்டு வறுத்தெடுத்துச்சு பாருங்க, அந்தக் கேள்வியெல்லாம் இதுக்கு மனப்பாடம். ஆனா அந்தம்மா மாதிரிக் கேக்கலை. நம்ம வீட்டுல கேக்கற மாதிரிக் கேட்டுச்சு.

"அண்ணா, தூக்கம் வருதுங்களா?"

"இல்லீங்க அம்மிணி."

"எத்தனை நாளா?"

"ஆடியிலருந்து."

"காலையில எந்திரிச்சா, எதுக்குடா எந்திரிச்சோம்னு இருக்குதுங்களா?"

நான் என் ரூம்லருந்து சத்தம் போடறேன், "ஏம்மா, லோடு நிக்குது! கதை பேசற நேரமா இது?"

அப்பத்தான் அவன் சொன்னான். மெதுவாத்தான் சொன்னான், ஆனா எனக்கும் கேட்டுச்சு. "அம்மிணி, இன்னிக்குப் போனா நான் திரும்பி வர்ற ரோசனையில்லை." சொல்லிட்டு, ரெண்டு கையையும் மூஞ்சியில வெச்சிக்கிட்டு அழுதான் பாருங்க. ஏழு மாச அழுகை. லோடுமேன் எல்லாம் வாசல்ல வந்து நின்னுட்டாங்க.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? வாசல்ல வண்டி, போன்ல விஜயவாடாப் பார்ட்டி. "மாதையா, எந்திரி, மூஞ்சியைக் கழுவு, ஒரு டீ குடி, கெளம்பு"ன்னேன். ஹேமப்பிரியா மேசை மேல இருந்த லாரிச் சாவியை எடுத்துத் தன்னோட பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துருச்சு.

"சாவியைக் குடும்மா."

"குடுக்க மாட்டேன் சார்."

"நான் மேனேஜர் சொல்றேன்."

"நீங்க யாரா வேணா இருங்க சார். அண்ணன் இன்னிக்கு வண்டி எடுக்க மாட்டார்."

இருபத்தெட்டு வருசத்துல என்கிட்ட யாரும் அப்படிப் பேசினதில்லை. சபரிநாதன் ஒரு காரைப் புடிச்சிட்டு வந்தான். ரெண்டு பேரும் மாதையனை நடுவுல ஒக்கார வெச்சு சேலம் ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வண்டி சாயங்காலம் வரைக்கும் வாசல்ல நின்னுச்சு. சாவி அது பையோடவே போயிருச்சு.

டாக்டரு உடனே படுக்கை குடுத்துட்டாரு. கடுமையான மனச்சோர்வாம், ஏழு மாசமா இருந்திருக்காம். கூட இருந்தவங்க யாரும் கவனிக்கலையான்னு கேட்டாராம். சபரிநாதன் வந்து சொன்னான். கூட இருந்தவங்கன்னா யாரைச் சொல்றாரு? பொண்ணுங்க ரெண்டும் பெங்களூர்ல, திருப்பூர்ல இருக்குதுங்க.

அடுத்த திங்கக்கெழமை லிஸ்ட் வந்துச்சுங்க. மாதையன், ஆசுபத்திரிப் படுக்கையில, பச்சை. ஹேமப்பிரியா, செவப்பு. அது அன்னிக்கு இங்கிலீஷ்ல எதோ கோவமா எழுதியிருந்துச்சாம். "ஆத்திரம், நிலையற்ற மனம்"னு மிஷினு எழுதியிருந்துச்சு. தருண் தம்பி அதைக் காட்டி, "அங்கிள், வண்டிச் சாவியை ஒளிச்சு வெக்கறாங்க, மிஷினும் இப்படிச் சொல்லுது. கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுத்துரலாம்"னு ஒரு கடுதாசி அடிச்சாரு. கீழ மேனேஜர் கையெழுத்து வேணும். போட்டேன். மேனேஜர் கையெழுத்து மேனேஜர்தானுங்களே போடணும். அந்தப் பொண்ணு கடுதாசியைப் படிச்சிட்டு, என்னை ஒரு பார்வை பாத்துச்சு. இப்ப ஈரோட்டுல ஒரு நூல் கம்பெனியில இருக்குதாம். நல்லா இருக்கட்டும்.

மாதையனைப் பாக்க நான் போனேங்க. போகாம இல்லை. நாலாம் நாள், ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிக்கிட்டு. இளைச்சுப் போயிருந்தான், ஆனா தூங்கியிருக்கான், கண்ணுல தெரிஞ்சுது. உரிமையாத்தான் கேட்டேன். "ஏன் மாதையா, இருபது வருசப் பழக்கம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவன் என்னையே பாத்தான். கோவமெல்லாம் இல்லை. கோவப்பட்டிருந்தாத் தேவலை.

"சொன்னனுங்களே. கை ஓடலைன்னு சொன்னேன். சோறு எறங்கலைன்னு சொன்னேன். வெசனமா இருக்குதுன்னு எழுதியே போட்டேன். நீங்க வெரல் போட்டிருந்தீங்க."

பாருங்க, என்னைக் குத்தம் சொல்றான். கோடி ரூவா மிஷினுக்கே தெரியலை, எனக்கு மட்டும் எப்படிங்க தெரியும்? அதையே அவன்கிட்டயும் சொல்லலாம்னுதான் வாயைத் தெறந்தேன். அப்புறம் ஆப்பிளை மேசை மேல வெச்சிட்டு வந்துட்டேன்.

மிஷினைத் திருத்திட்டாங்க, அதையும் கேளுங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஆம்பளைங்கள்லாம் இதுல விட்டுப்போறாங்கன்னு கண்டுபுடிச்சு, வயசுக்கு ஒரு கணக்கு சேத்துட்டாங்க. அடுத்த வாரம் எங்க டிரைவருங்க இருபத்தாறு பேரு ஒரே செவப்பு. லோடு எடுக்க ஆளில்லை. நம்மாளுங்க லேசுப்பட்டவங்களா? ராத்திரியோட ராத்திரியா பேஸ்புக்ல பொறந்த வருசத்தை மாத்திட்டாங்க. எங்க கம்பெனியில இப்பப் பேரன் எடுத்தவனெல்லாம் இருபத்திரெண்டு வயசு. மறுபடி எல்லாரும் பச்சை. அப்புறமும் தூங்காம வண்டி ஓட்டறவன் எவன்னு எனக்குத் தெரியலை. மிஷினுக்கும் தெரியலை.

எனக்குங்களா? எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கேன். மாசியிலருந்து தூக்கம் கொஞ்சம் முன்னப்பின்ன. வயசாச்சில்லைங்க.

இப்ப எதுக்கு மேச்சேரிக்கா? அதுவும் தருண் தம்பி குடுத்த வேலைதான். மனமலர்க்காரங்க மத்த லாரி ஆபீஸுக்கெல்லாம் இதை விக்கப் போறாங்களாம். விளம்பரத்துக்கு ஒரு ஆள் வேணும். யாரு? மாதையன்! "மனமலர் என் உயிரைக் காப்பாற்றியது"ன்னு அச்சடிச்சு, அவன் கையெழுத்துப் போட எடம் விட்டுக் குடுத்திருக்காங்க. மேல அந்தக் குக்கர் படம். நல்லா இருக்குதுங்களா? காப்பாத்தினவளை வீட்டுக்கு அனுப்பியாச்சு, தூங்கிக்கிட்டிருந்த மிஷினுக்கு மாலை. கீழ சாட்சின்னு ஒரு கோடு. அதுல என் பேரு.

மாதையன் இப்ப வீட்டுலதான் இருக்கான். மாத்திரை சாப்படறான். பெரிய பொண்ணு வந்து கூட இருக்குதாம். உள்ளூர்ல டிராக்டர் ஓட்டறானாம், சபரிநாதன் சொன்னான். வீடு பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்து போற தூரந்தான். கையெழுத்து வாங்கறது அஞ்சு நிமிச வேலை.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, இது மூணாவது தடவைங்க. மொதத் தடவை மேச்சேரி வந்தப்பத் தலைவலி, எறங்கலை, மேட்டூர் வரைக்கும் போயி டேமைப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். ரெண்டாவது தடவை தலைவலியும் இல்லை, ஒண்ணுமில்லை. கண்டக்டர் கத்தறான், எனக்குக் காது கேக்குது, எந்திரிக்க முடியலை. அன்னிக்கும் டேம். தண்ணியே இல்லைங்க, வெறுங்கல்லு. அரை மணி நேரம் பாத்துக்கிட்டு நின்னேன். ஆபீஸ்ல போயி, மாதையன் வீட்டுல இல்லைன்னு சொல்லிட்டேன்.

வந்திருச்சு போல. ஆமா, மேச்சேரிதான். கண்டக்டரே, இருங்க, ஆள் எறங்குது! சித்தெக் காலை நகத்திக்குங்க.

அந்தப் பேப்பருங்களா? கெடக்கட்டும் பைக்குள்ள. மொதல்ல அவனைச் சாப்ட்டியான்னு கேக்கறேன்.